மதுரைக்கு மேலே

பழைய ஹோட்டல்களில் ராத்திரியானால் குதிரை நடக்கிற சத்தம் கேட்கும் என்று பெர்பெத்தம்மாளிடம் முதன்முதலாகச் சொன்னவள் எதிர்வீட்டு ஜொவான் மைனி. சொன்னது சாம்பல் புதனன்று, பூசை முடிந்து கோயில் வாசலில் இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. நெற்றியில் சாமியார் இட்ட சாம்பல் சிலுவை இன்னும் உதிரக்கூட இல்லை. "குதிரையா?" என்றாள் பெர்பெத்தம்மாள். "குதிரைதான். அரண்மனைய ஹோட்டலாக்கிட்டாங்கன்னு ராஜாவுக்குத் தெரியும், குதிரைக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு வந்து வாசல்ல நிக்கும்." மைனி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் இத்தனை நாளாகப் பெர்பெத்தம்மாளைச் சரியாகத் தூங்கவிடவில்லை. வெயில் கொல்லைச் சுவரைவிட்டு இறங்குகிற இந்தச் சாயங்காலத்திலும், அடுக்களைப் பின்வாசலில் மணைப்பலகை போட்டு, சட்டி நிறைய நெத்திலியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குதிரைதான். குதிரையை விரட்டத்தான் ஜெபமாலையை ஆரம்பித்தாள். மீன் கையோடு மணியைத் தொடக்கூடாது என்பதால் மீனையே மணியாக வைத்துக்கொள்வது அவளாகக் கண்டுபிடித்த முறை. தவக்காலத்தில் தினமும் மீன்தானே என்று ஒரு வருஷம் ஆரம்பித்தது, பழகிவிட்டது. ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிக் குடலை உருவுவதற்குள் ஒரு அருள் நிறைந்த மரியே முடிந்துவிடும். நடுவில் தப்பி வந்த சாளை ஒன்று பெரிசாகக் கிடந்தால் அதற்கு ஒரு பரலோக மந்திரம். மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள், மாதாவும் மீன்காரர்கள் நடுவில் புழங்கியவள்தான். சாமியாரிடம் மட்டும் இதைச் சொன்னதில்லை. அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே. "இங்கேரு!" என்று முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

இங்கேரு என்றால் பெர்பெத்தம்மாள் என்று அர்த்தம். இங்கே பார் என்பதுதான் ஜெர்வாஸ் வாயில் தேய்ந்து தேய்ந்து இங்கேரு ஆகி, கல்யாணமான நாளிலிருந்து அதுவே அவளுக்குப் பேராகிப்போனது. தண்ணீர் வேண்டுமென்றால் இங்கேரு, சட்டைப் பொத்தான் விட்டுப்போனால் இங்கேரு, காய்ச்சலில் பிதற்றினாலும் இங்கேரு. மகன் டெரன்ஸ் பாலர் பள்ளியில் சேர்ந்த புதிதில், உன் அம்மா பேர் என்ன என்று சிஸ்டர் கேட்டதற்கு இங்கேரு என்று சொல்ல, அந்த சிஸ்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்களாம். "இங்கேரு! ராஜஸ்தான்ல ஒரு கோட்டை. இப்ப ஹோட்டலாம். ரூமுக்கு ரூம் ராஜா படம் மாட்டியிருக்காம்!" "ம்ம்" என்றாள் இங்கிருந்தே. அந்த டெரன்ஸ்தான் இப்போது மஸ்கட்டிலிருந்து போனில் இருக்கிறான்; போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, துறைமுகத்தில் கிரேன் கேபினிலிருந்து கீழே நிற்பவனிடம் கத்துகிற அதே குரலில் அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார் இவர். ஓய்வுபெற்று வருஷங்களாகியும் அந்தக் குரல் மட்டும் கீழே இறங்கவில்லை. ஊரிலுள்ள கப்பலெல்லாம் எங்கெங்கோ போவதை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது, இனி நான் போவேன் என்கிறார். ரயிலில் போகலாமே என்றால் ரயில் அவசரப்படுமாம். சொந்தக் காரில், மெதுவாக, நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, தினம் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்துகிற ஊரில் எது ரொம்பப் பழைய ஹோட்டலோ அதில் தங்கி, கிறிஸ்துமஸுக்கு சிம்லா போய்ச் சேர்வதாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே கூட்டமாம், இப்போதே பதிந்துவைத்தால்தான் ரூமாம், அதனால் இன்றைக்கே வருகிறாளா இல்லையா சொல்லியாகவேண்டுமாம். அவள் இதுவரை இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் பார்க்கலாம் என்று அவள் சொன்ன காரியம் ஒன்றுகூட நடந்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஹெரிடேஜ் என்கிறார்கள் அதை. ஹெரிடேஜ் என்றால் என்னவென்று மகளிடம் போனில் கேட்டபோது, "பழசும்மா, ஆனா பழசாவே வச்சிருப்பாங்க, மாத்தமாட்டாங்க" என்று சொன்னாள். அப்படியானால் இந்த வீடே ஹெரிடேஜ்தான். அடுக்களைக் குழாய் மாமனார் காலத்தில் ஒழுக ஆரம்பித்தது, இன்னும் ஒழுகுகிறது, ஒருத்தரும் மாற்றவில்லை. கதவைத் திறந்தால் ஊளையிடும், ஜன்னலை மூடினால் திறந்துகொள்ளும், ராத்திரியில் கூரையில் ஏதோ ஓடும். இதற்கு இங்கேயே படுத்துக்கொள்ளலாமே, குதிரையாவது இல்லை. குதிரை வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, போகிறதாக இருந்தால், போகிறதாக இருந்தால்தான், ஒரு சின்னக் குப்பியில் தீர்த்தம் கொண்டுபோவது என்று முடிவுசெய்து வைத்திருக்கிறாள். எந்தக் குப்பி என்பதில்தான் சிக்கல். மகளுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்த சமயம் கோயம்புத்தூருக்குத் தீர்த்தக் குப்பியையும் ஓமத் தண்ணீர்க் குப்பியையும் ஒரே பையில் கொண்டுபோய், இரண்டும் ஒரே மாதிரிக் குப்பி, கடைசியில் வீட்டு மூலையெல்லாம் ஓமத் தண்ணீரைத் தெளித்து, பிள்ளைக்கு வயிற்றுவலி என்று தீர்த்தத்தைப் புகட்டிவிட்டாள். பிள்ளை உடனே அழுகையை நிறுத்திவிட்டது. வீடு முழுக்க எறும்பு வந்துவிட்டது. இது ஒரு அற்புதமா ஒரு தண்டனையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெளிவில்லை. ராஜா வீட்டுக் கட்டிலில் எறும்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, இந்தியில் எறும்புக்கு என்ன? உமது திருவயிற்றின் கனியாகிய இயேசுவும். ராஜா படம் வேறு. பெரிய மீசையும் வாளுமாக ஒரு ஆம்பளை சுவரிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்போது எப்படிச் சேலை மாற்றுவது? படத்தைத் திருப்பி வைக்கலாம். திருப்பினால் ராஜாவுக்குக் கோபம் வரலாம். ராஜாவுக்குக் கோபம் வந்தால் குதிரையை அனுப்புவார். "லே டெரன்ஸு, சிம்லாவுல அது முன்னால என்னவா இருந்திச்சுன்ன?" "ஆஸ்பத்திரிப்பா. வெள்ளைக்காரங்க நெஞ்சு நோவுக்கு வந்து தங்குவாங்களாம்." "நல்லதாப் போச்சு, காத்து நல்லாருக்கும்!" காற்று நல்லாயிருக்கும். அந்தக் கட்டிலில் எத்தனை பேர் அந்த நல்ல காற்றைக் கடைசியாக இழுத்தார்களோ. நாங்கள் மரிக்கும் நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் ஆமென், சாளை, பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே.

ஆனால் குதிரை ஒரு சாக்கு. மாதாவிடம் பொய் சொல்ல முடியாது, அதுவும் கையில் மந்திரம் ஓடும்போது. குதிரையும் ராஜாவும் எறும்பும் ஜொவான் மைனியிடமும் இவரிடமும் சொல்வதற்கு. உள்ளே இருக்கிற பயம் வேறே, அது மதுரைக்கு மேலே இருக்கிறது. காரில் ஏறினால் மதுரை வரைக்கும் பேசிவிடலாம். டெரன்ஸின் மேனேஜர், மகளுடைய மாமியார், பேரனின் பல்வரிசை, பக்கத்து மனைக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டியது, எல்லாம் சேர்த்து, இடையில் எட்டயபுரம் பக்கம் ஒரு காபியும் குடித்தால், மதுரை வந்துவிடும். மதுரைக்கு மேலே என்ன பேசுவது? அவர் துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போன காலமெல்லாம், அவர் வருகிறபோது இவள் எழுந்திருப்பாள், இவள் படுக்கிறபோது அவர் டிபன் கேரியரோடு கிளம்புவார். ஒரே கட்டில், ஆனால் அதில் எப்போதும் ஒருத்தர் படுத்த சூட்டில்தான் இன்னொருத்தர் படுத்தது. அப்போது பேச நேரமில்லை. நேரம் வந்தபோது டிவி வந்துவிட்டது. இப்போது அவர் முன்னறை மின்விசிறிக்குக் கீழே, இவள் உள்ளறையில் மாதா படத்துக்குக் கீழே. ஹோட்டலில் ஒரே ரூம், ஒரே கட்டில், அதுவும் நாலு கால் வைத்து மேலே துணிப்பந்தல் போட்ட ராஜா கட்டில் என்று டெரன்ஸ் படம் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல. பேரன் எடுத்த வயதில் வெட்கப்படுவதற்கே வெட்கமாக இருந்தது. சரி, மாதா, நீயே சொல்லு, நீயும்தான் கழுதைமேல் ஏறி நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரைக்கும் மெதுவாகப் போனாய், நீங்கள் என்ன பேசினீர்கள்? உன் வீட்டுக்காரர் சூசையப்பர் பைபிளில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று சாமியார் ஒருதடவை பிரசங்கத்தில் சொன்னார், ஆம்பளைகளெல்லாம் ஏதோ தங்களைப் புகழ்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தனை தூரம் அவர் சும்மாவா நடந்தார்? உன்னைக் கூப்பிட்டிருப்பாரில்லையா, தண்ணி வேணுமா, இறங்குறியா, என்று? என்ன சொல்லிக் கூப்பிட்டார்? அதுவும் முன்னாலேயே பதிந்து வைக்காததால்தான் சத்திரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த விஷயத்தில் எங்க வீட்டு மனிதர் கெட்டி.

பூனை வந்தது. சுவர்மேல் உட்கார்ந்து இத்தனை நேரம் ஜெபத்தில் கலந்துகொண்ட மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, அவள் பெத்லகேமில் இருந்த நேரம் பார்த்துக் குதித்து, சுத்தம் செய்து வைத்த மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. "ஏ சனியனே!" ஐயோ, மன்னித்துக்கொள் மாதா. பூனை தின்ற மீனுக்குச் சொன்ன மந்திரம் கணக்கில் வருமா வராதா? சொன்னது சொன்னதுதான், வயிறு யாருடையதாக இருந்தால் என்ன. ஆனாலும் சந்தேகத்துக்கு இன்னொரு தரம் சொன்னாள். அந்த வயிற்றுக்காகவும் ஒன்று சொன்னாள். சந்தேகம் என்றால் அவளுக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு, பூனை விஷயத்தைவிடப் பெரிசு, அதை எந்தச் சாமியாரிடமும் கேட்டதில்லை. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால், ஜெர்வாஸ் ஆகிய நான் பெர்பெத்தம்மாளாகிய உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவேண்டும். ஜெர்வாஸ் ஆகிய நான் என்பது வரைக்கும் துறைமுகத்துக்கே கேட்கும்படி சொன்னார். அப்புறம் பெர்பெ என்றார். பெத்தெர் என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெத்தப்பெர் என்றார். பின்னாலிருந்து அவருடைய தம்பிமார் சிரித்தது மேலே புறா அடைகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "சீக்கிரம் தம்பி, அடுத்த கல்யாணம் வெளியே நிக்குது" என்றார் சாமியார். கடைசியில் அவரே பேரைச் சொல்லிவிட, இவர் "ஆமா சாமி, அதேதான்" என்றார். மோதிரம் போட்டாகிவிட்டது, பிரியாணி போட்டாகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் பிறந்து கரையேறியாகிவிட்டது. அதேதான் என்றால் எதுதான்? அவர் வாயால் அவளை ஏற்றுக்கொள்ளவே இல்லையே. ஏற்றுக்கொண்டது சாமியார். அன்று சாயங்காலம் பெண்வீட்டில் முதன்முதலாகத் தண்ணீர் கேட்க அவளைக் கூப்பிடவேண்டி வந்தபோது, வாயைத் திறந்து, மூடி, திறந்து, இங்கேரு என்றார். அவ்வளவுதான், அது ஒட்டிக்கொண்டது. என்ன மரியாதை, என்ன செல்லம் என்று ஜொவான் மைனி இன்றைக்கும் பொறாமைப்படுகிறாள்.

வீட்டுக்குள் அது போதும். இங்கே பார்க்க என்ன இருக்கிறது, இங்கேரு என்றால் அவள்தான், வேறே ஒன்றுமில்லை. ஆனால் ஊர்சுற்றிப் பார்க்கப் போகிற காரில்? வழியெல்லாம் பார்க்கவேண்டிய சாமான்கள். இங்கேரு என்பார், அவள் என்னங்க என்பாள், அவர் கோட்டையைக் காட்டியிருப்பார். இங்கேரு என்பார், அவள் ஜன்னல் வழியாகக் கோட்டையைத் தேடுவாள், அவர் தண்ணீர் கேட்டிருப்பார். சிம்லா போய்ச் சேருவதற்குள் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், அவர் தண்ணீரில்லாமல் காய்ந்துபோவார். அங்கே பனியிருக்குமாம். பஞ்சு மாதிரி மேலேயிருந்து விழுமாம். "அம்மா, கிறிஸ்துமஸ்ல கண்டிப்பா சொல்லமுடியாது, ஆனா விழலாம்மா" என்று டெரன்ஸ் சொல்லியிருந்தான். பனி. பிறந்ததிலிருந்து பனிமய மாதாவே பனிமய மாதாவே என்று கும்பிடுகிறாள், ஊரே கும்பிடுகிறது, ஆகஸ்டு வெயிலில் வேர்வை ஒழுக ஒழுகத் தேர் பார்க்கிறார்கள், பனி என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும். குளிர்பெட்டியில் மீன்மேல் போடுகிற ஐஸைத்தான் அவள் இத்தனை வருஷம் மனதில் வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறாள். மாதாவின் பேரிலேயே இருக்கிற ஒன்றை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டால், அப்புறம் குதிரையில்லை, யானையே வந்து வாசலில் நின்றாலும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆசை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லமுடியாது. கர்த்தர் உம்முடனே, கர்த்தர் உம்முடனே, இது எத்தனையாவது மீன்?

"அவ வரமாட்டாலே," என்று முன்னறையில் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கியும் கொல்லை வரைக்கும் கேட்டது. "பார்க்கலாம்னுட்டா. உனக்குத் தெரியாதா உங்கம்மைய." "அப்ப கேன்சல் பண்ணிரவாப்பா?" "கேன்சலா? நான் சவேரியானக் கூட்டிட்டுப் போறேன். அவன் ரெடியா இருக்கான், கம்பளிக்கோட்டு வாங்கிட்டான்." சவேரியான்! துறைமுகத்தில் அடுத்த கிரேன்காரர், மூக்குப்பொடிக்காரர், வாய் மூடாதவர். அவருக்கு மதுரைக்கு மேலே பேச ஒன்றுமில்லை என்கிற கவலையே கிடையாது, சீனா வரைக்கும் பேசுவார். அவளுடைய சீட்டில், அவள் முதுகுக்கென்று வாங்கிய தலையணையில் சாய்ந்துகொண்டு, பொடி போட்டுக்கொண்டு. துணிப்பந்தல் கட்டிலில் சவேரியான். பனி விழும்போது முதல் ஆளாகக் கையை நீட்டுகிற சவேரியான், பொடி ஒட்டின கையை. அவரைப் பார்த்து, இங்கேரு, பனி, என்று ஜெர்வாஸ் சொல்வது காதில் விழுந்தது. விழுந்ததும் நெத்திலியின் தலை விரலிலேயே நின்றது. இங்கேரு என்று இன்னொருத்தரைச் சொல்வாரா? சொன்னால் சொல்லட்டுமே, அது என்ன பேரா? பேரில்லைதான். ஆனாலும் அது அவளுடையது. வேறே எதுவும் அவர் கொடுக்காததால் அதையே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்கேரு! இவன் ரெண்டு பேர் பேரும் முழுசாக் கேக்கான். உன் பேரப் போடவா, சவேரியான் பேரப் போடவா?"

சட்டியில் இன்னும் மீன் இருந்தது. ஜெபமாலை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. மீன் கையைப் பூசையில் சாமியார் தூக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, எழுந்து, முட்டு ஒரு தரம் சொடுக்க, முன்னறை நிலைப்படியில் வந்து நின்றாள்.

"என் பேரையே போடுங்க."

ஜெர்வாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "குதிரை?"

"வந்தா வரட்டும். ஒரு கட்டு புல்லு வாங்கிப் போட்டாப் போச்சு."

"அம்மா வர்றாங்களா? சூப்பர்!" என்றது போன். "அப்பா, அம்மா பேர அடையாள அட்டைல இருக்க மாதிரி சொல்லுங்க. தப்பா அடிச்சிட்டா அங்க ரூம் தரமாட்டான். நிதானமா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

ஜெர்வாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பீடத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம், இப்போது நரைமுடியோடு. பாவமாக இருந்தது. நானே சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தாள். அவர் ஒரு கையைத் தூக்கினார், கீழே நிற்பவன் கிரேன்காரனுக்குக் காட்டுவானே, அப்படியே நில் என்று, அந்த மாதிரி.

"எழுதுலே," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "பெர்." நிறுத்தினார். "பெத்." கண்ணாடிச் சாமான் உள்ள பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்குகிறபோது இப்படித்தான் இறக்குவாராம், தரைக்கு ஒரு விரல் மேலே நிறுத்தி, மூச்சுவிட்டு, அப்புறம் வைப்பாராம். "தம். மாள்." வைத்துவிட்டார். உடைந்ததா என்று பார்ப்பதுபோல ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு முழுசாக, ஒரே மூச்சில், துறைமுகத்துக்கே கேட்கும்படி: "பெர்பெத்தம்மாள்!"

"சரிப்பா, அடிச்சாச்சு. நெட் விட்டு விட்டு வருது, வச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்று போன் அணைந்தது. அவனுக்கு அது வெறும் பேர்தான்.

எதிர்வீட்டில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. பின்வாசலில் பூனை சட்டியைக் கவிழ்க்கிற சத்தமும் கேட்டது. பெர்பெத்தம்மாள் இரண்டுக்கும் திரும்பவில்லை.

"எப்பப் படிச்சீங்க?" என்றாள்.

"எதை?"

"அதை."

"அன்னைக்கே தெரியும். அந்தச் சாமியார்தான் அடுத்த கல்யாணம் அடுத்த கல்யாணம்னு அவசரப்படுத்திட்டாரு." கண்ணாடியைக் கீழே இறக்கி, ஒன்றுமில்லாத போனை உற்றுப் பார்த்தார். "மேல கேபின்ல ஆளில்லாதப்ப அப்பப்பச் சொல்லிப் பார்த்துக்கிட்டதுதான். கீழ இறங்குனா வரமாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கையிலுள்ளது முகத்தில் படும் என்று கையைத் தூக்கியபடியே நின்று சிரித்தாள், கண்ணில் வந்ததை மேல்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க."

"என்ன?"

"மதுரை வரைக்கும் இங்கேருன்னே கூப்பிடுங்க, தெரிஞ்சவங்க யாராவது வருவாங்க. மதுரைக்கு மேல மட்டும் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."